கைபேசியின் இரண்டாவது பூட்டு

ஆஸ்திரேலியாவில் 3ஜி சேவை 2024 அக்டோபரில் மூடப்பட்டது. ஓராண்டு கழித்து, சில பழைய சாம்சங் கைபேசிகள் ஆபத்தான ஒரு குறையோடு புழங்கிக்கொண்டிருப்பது தெரியவந்தது. வோடஃபோன் சிக்னல் மட்டும் கிடைக்கும் இடங்களில் அவற்றிலிருந்து 000 என்னும் அவசர எண்ணுக்கு அழைப்பு போகவில்லை. அவசரம் என்றதும், இல்லாமல் போய்விட்ட 3ஜியைத் தேடும்படி அவற்றின் மென்பொருள் எழுதப்பட்டிருந்தது. 2025 நவம்பரில் சிட்னியில் ஒருவர் இறந்தார். அவருடைய கைபேசியிலிருந்து 000-க்குச் செய்த அழைப்புகள் இணையவில்லை என்றும், அதில் பொருந்தாத பழைய மென்பொருள் இருந்தது முதற்கட்ட விசாரணையில் தெரிந்தது என்றும், அங்கே வோடஃபோன் சேவையை நடத்தும் டிபிஜி டெலிகாம் நிறுவனமே அறிவித்தது.

அந்தக் கைபேசிகளின் திரையிலோ பேட்டரியிலோ கோளாறு இல்லை. 4ஜி வேலை செய்தது, வாட்ஸ்அப் வந்தது, படம் பார்க்க முடிந்தது. அவசர அழைப்பு எந்த வழியில் போக வேண்டும் என்று சொல்லும் சில வரிகள் மட்டும் காலாவதியாகியிருந்தன. சில மாடல்களுக்குப் புதிய மென்பொருள் வந்தது. மற்றவற்றை மாற்றிவிடுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

காசு கொடுத்து வாங்கிய கைபேசியில் இந்த வரிகளைத் திருத்தும் உரிமை யாருக்கு? தயாரித்த நிறுவனத்துக்கா, சிம் கார்டு கொடுத்த நிறுவனத்துக்கா, வாங்கியவருக்கா? இது தொழில்நுட்பப் பிரியர்களின் பொழுதுபோக்குச் சர்ச்சையாக இருந்த காலம் முடிந்துவிட்டது. அமெரிக்காவிலிருந்து மகன் கொண்டுவந்து கொடுத்த போனில் ஜியோ சிம்மைப் போட்டுவிட்டு, நெட் வருகிறது, பேச முடியவில்லையே என்று நிற்கும் திருச்சிக்காரருக்கும் இதே கேள்விதான்.

ஒரே பெயர், வேறு உடம்பு

கடைக்காரர்கள் ‘கண்ட்ரி லாக்’ என்று ஒரே சொல்லில் சொல்லிவிடுகிறார்கள். உண்மையில் பூட்டுகள் இரண்டு. முதலாவது சிம் பூட்டு: குறிப்பிட்ட நிறுவனத்தின் சிம்மை மட்டும் ஏற்கும். 2017-இல் 1,500 ரூபாய் முன்வைப்புத் தொகைக்குக் கிடைத்த ஜியோபோன் ஜியோ சிம்மோடு மட்டுமே இயங்கியது நம் ஊர் உதாரணம். இரண்டாவது பூட்லோடர் பூட்டு. கைபேசியை ஆன் செய்ததும் முதலில் விழிக்கும் சிறு நிரல்தான் பூட்லோடர். நிறுவனத்தின் கையொப்பம் உள்ள மென்பொருளா என்று பார்த்துவிட்டுத்தான் அது அடுத்த கட்டத்துக்கு வழிவிடும். சிம் பூட்டைத் திறந்தால் வேறு நிறுவனத்தின் சேவைக்கு மாறலாம். மென்பொருளையே மாற்ற வேண்டும் என்றால் இரண்டாவது பூட்டும் திறந்தாக வேண்டும்.

மென்பொருளை மாற்றுவதில் பெரிய பொறி ஒன்று உண்டு. ஒரே பெயரில் விற்கும் கைபேசிகள் உள்ளே ஒன்றாக இருப்பதில்லை. 2012-இல் வந்த கேலக்ஸி எஸ்3-ஐப் பார்ப்போம். உலகச் சந்தைக்கான ஐ9300 மாடலில் சாம்சங்கின் எக்ஸினோஸ் சிப், நான்கு கோர்கள், 1 ஜிபி ராம். அமெரிக்காவின் 4ஜிக்காகச் செய்தவற்றில் குவால்காம் சிப், இரண்டு கோர்கள், 2 ஜிபி ராம். அந்த அமெரிக்க மாடல்களுக்குள்ளும் ஏடி அண்ட் டி-க்கு ஐ747, டி-மொபைலுக்கு டி999, வெரைசனுக்கு ஐ535, ஸ்பிரின்ட்டுக்கு எல்710 எனத் தனித்தனி எண்கள். வெரைசன் மாடலில் மட்டும் பூட்லோடர் பூட்டப்பட்டிருந்தது. பெயர் ஒன்றுதானே என்று ஐ9300-க்கான மென்பொருளை அமெரிக்க மாடலில் ஏற்றியவர்கள், மீண்டும் உயிர்பெறாத கைபேசியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார்கள்.

911-உம் ஒரு கட்டாய அப்டேட்டும்

இந்தச் சிக்கல் ஆண்ட்ராய்டோடு கூடப் பிறந்தது. உலகின் முதல் ஆண்ட்ராய்டு கைபேசியான எச்டிசி டிரீமை 2008 அக்டோபரில் டி-மொபைல் நிறுவனம் ஜி1 என்ற பெயரில் அமெரிக்காவில் விற்றது. அதன் தொடக்ககால மென்பொருளில் ஒரு விசித்திரமான ஓட்டை. விசைப்பலகையில் தட்டிய எதுவும் பின்னணியில் முழு நிர்வாக உரிமையோடு கட்டளையாகவும் ஓடியது. நண்பருக்கான செய்தியில் ‘ரீபூட்’ என்று தட்டி என்டரை அழுத்தினால் போனே அணைந்து மீண்டும் எழுந்தது! கூகுள் அந்த ஓட்டையை விரைவில் அடைத்தது. அதற்குள் அதன் வழியே நுழைந்தவர்கள் தாங்களே திருத்திய மென்பொருளை ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்.

அந்த வரிசையில் வந்தவர் ஸ்டீவ் காண்டிக். அவர் தொடங்கிய சயனோஜென்மாட், நிறுவனங்கள் கைவிட்ட கைபேசிகளுக்குப் புதிய ஆண்ட்ராய்டைக் கொண்டுவந்து சேர்த்தது. 2009 செப்டம்பரில் கூகுளிடமிருந்து அவருக்கு எச்சரிக்கைக் கடிதம் வந்தது. ஆண்ட்ராய்டின் மூல நிரல் எல்லோருக்கும் பொது. ஜிமெயில், மேப்ஸ் போன்ற கூகுளின் செயலிகளைச் சேர்த்துக் கொடுக்க அவருக்கு உரிமம் இல்லை என்பது கூகுளின் வாதம். செயலிகளை நீக்கிவிட்டுத் திட்டம் தொடர்ந்தது. 2016 டிசம்பரில், அந்தத் திட்டத்தை ஒட்டி உருவான சயனோஜென் நிறுவனம் சேவைகளை மூடியபோது, அதன் தொடர்ச்சியாக லீனியேஜ்ஓஎஸ் எழுந்தது. தன்னார்வலர்களின் உழைப்பில் அது இன்றும் நடக்கிறது.

அதே டிரீம் கைபேசியைக் கனடாவில் ராஜர்ஸ் நிறுவனம் விற்றது. வெளித்தோற்றத்தில் ஜி1-க்கும் அதற்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால், ரேடியோ பகுதியின் மென்பொருள் வேறு. ஒன்றுக்கான கெர்னல் (இயங்குதளத்தின் மைய நிரல்) மற்றதில் ஓடாது. பொருந்தாத ரேடியோவையும் பூட்லோடரையும் சேர்த்து ஏற்றியவர்கள் போனையே இழந்தார்கள்.

2010 ஜனவரியில் ராஜர்ஸ் அதிரடியாக ஒரு காரியம் செய்தது. டிரீம் கைபேசியில் 911 அவசர அழைப்பைப் பாதிக்கும் குறை இருந்ததால் அப்டேட் ஒன்றை வெளியிட்டு, அதை ஏற்றாதவர்களின் இணையச் சேவையைத் துண்டித்தது. அவசர அழைப்பு உயிர்ப் பிரச்சினை. அதைச் சரிசெய்யச் சொன்னதில் தவறில்லை. ஆனால், அதே அப்டேட், உரிமையாளர் தன் மென்பொருளைத் தானே மாற்றும் வழியையும் சேர்த்து அடைத்தது. உயிர்காக்கும் திருத்தம் வேண்டுமானால் உரிமையைக் கொடுத்துவிடு என்று சொல்வதாகவே அது முடிந்தது. இந்த இரண்டையும் ஒன்றாக முடிச்சுப் போட வேண்டிய தேவை அன்றும் இல்லை, இன்றும் இல்லை.

சட்டம் திறந்த பூட்டு, திறக்காத பூட்டு

அமெரிக்காவில் 2013 ஜனவரி 26-க்குப் பிறகு வாங்கிய கைபேசியின் சிம் பூட்டை, சேவை நிறுவனத்தின் அனுமதியில்லாமல் திறப்பது பதிப்புரிமைச் சட்ட மீறலாகிவிட்டது. அதற்கு முன்பு இருந்த விலக்கு முடிவுக்கு வந்ததுதான் காரணம். மாதத் தவணை முழுவதும் கட்டி முடித்தவரும் கேட்டுத்தான் திறக்க வேண்டியிருந்தது. வெள்ளை மாளிகைக்கு அனுப்பப்பட்ட மனுவில் ஒரு லட்சத்துக்கும் அதிகமானோர் கையெழுத்திட்டார்கள். 2014 ஆகஸ்ட் 1 அன்று அந்தத் தடையை நீக்கும் சட்டத்தில் அதிபர் ஒபாமா கையெழுத்திட்டார். மற்ற நாடுகள் இன்னும் நேரடியாகச் செய்தன. 2017 டிசம்பர் முதல் கனடாவிலும், 2021 அக்டோபர் முதல் ஜப்பானிலும், அதே ஆண்டு டிசம்பர் முதல் பிரிட்டனிலும் சிம் பூட்டோடு கைபேசி விற்க நிறுவனங்களுக்கு வழி இல்லை.

முதல் பூட்டின் கதை இப்படி ஓரளவு நல்லபடியாக முடிந்தது. இரண்டாவது பூட்டை இந்தச் சட்டங்கள் தொடவே இல்லை.

கூகுளின் முதல் பிக்சல் 2016-இல் வந்தது. கூகுளிடம் நேரடியாக வாங்கினால் பூட்லோடரை உரிமையாளரே திறந்துகொள்ளலாம். வெரைசன் கடையில் வாங்கினால் முடியாது. இரண்டும் ஒரே கைபேசி. எந்தக் கடையின் வாசல் வழியாக வெளியே வந்தது என்பதை வைத்து அதன் ஆயுள் தீர்மானமானது. போக்கும் இப்போது இறுக்கத்தை நோக்கியே இருக்கிறது: அமெரிக்க மாடல்களைப் பல ஆண்டுகளாகப் பூட்டியே விற்றுவந்த சாம்சங், 2025-இல் ஒன் யுஐ 8 மென்பொருளோடு வந்த புதிய கைபேசிகளில் மற்ற நாடுகளுக்கும் பூட்லோடர் திறக்கும் வசதியை எடுத்துவிட்டது.

நிறுவனங்கள் சொல்லும் காரணம் பாதுகாப்பு. அதில் நியாயம் இருக்கிறது. பூட்லோடர் திறந்திருக்கும் கைபேசி சில நிமிடம் வேறொருவர் கைக்குப் போனால், உளவு நிரல் ஒன்றை ஆழமாக ஏற்றிவிட முடியும். திருடியவர் புதிய மென்பொருள் ஏற்றி விற்பதும் எளிதாகும். ஆனால், இதற்கு விடை எப்போதோ கண்டுபிடிக்கப்பட்டுவிட்டது. பிக்சலில் பூட்லோடரைத் திறக்கும் கணத்திலேயே உள்ளே இருக்கும் படங்கள், செய்திகள் எல்லாம் அழிந்துவிடும்; திறந்தவருக்குப் பழைய தகவல் எதுவும் கிடைக்காது. வேறு மென்பொருளை ஏற்றிய பிறகு, உரிமையாளரின் சொந்தச் சாவியால் மீண்டும் பூட்டவும் முடியும். கிராபீன்ஓஎஸ் என்னும் பாதுகாப்பு மிகுந்த மென்பொருள் இந்த வசதியை நம்பியே இயங்குகிறது. ஆக, பாதுகாப்புக்குப் பூட்டு தேவை. சாவி நிறுவனத்திடம் மட்டுமே இருக்க வேண்டும் என்பது தேவை இல்லை.

சாவி கைமாறினால் என்ன கிடைக்கும் என்பதற்கு நெதர்லாந்தின் ஃபேர்போன் 2 சாட்சி. 2015-இல் விற்பனைக்கு வந்த அந்தக் கைபேசியின் சிப்புக்கு ஆதரவு தருவதை குவால்காம் நிறுத்திவிட்டது. பெரும்பாலான நிறுவனங்கள் அதோடு கைகழுவியிருக்கும். ஃபேர்போனோ லீனியேஜ்ஓஎஸ் சமூகத்தின் வேலையை அடித்தளமாக எடுத்துக்கொண்டு, 2023 மார்ச் வரை பாதுகாப்புத் திருத்தங்களை வழங்கியது. ஏழு ஆண்டுகளுக்கும் மேல்! ஒரு சிறு நிறுவனத்தால் முடிந்ததை, சந்தையை ஆளும் நிறுவனங்களால் முடியாது என்பதை ஏற்க முடியாது.

இங்கே என்ன ஆகிறது?

தமிழ்நாட்டுக்கு அமெரிக்க, வளைகுடாக் கைபேசிகள் உறவினர்களின் பெட்டிகளிலும், ரிச்சி தெரு, பர்மா பஜார் வழியாகவும் நெடுங்காலமாக வருகின்றன. 2016 செப்டம்பரில் தொடங்கிய ஜியோவுக்கு 2ஜியோ 3ஜியோ கிடையாது. குரல் அழைப்பும் 4ஜி வழியாக, வோல்டிஇ முறையில்தான் போக வேண்டும். அந்த நிறுவனத்துக்கான வோல்டிஇ அமைப்பு கைபேசியின் மென்பொருளில் இல்லாவிட்டால் இணையம் வரும், பேச்சு போகாது. ஏர்டெல் சிம் போட்டால் அழைப்பு 2ஜிக்கு இறங்கி எப்படியோ நடந்துவிடும். அதனால்தான் ஒரே போனில் ஒரு சிம் பேசுகிறது, இன்னொன்று ஊமையாக இருக்கிறது.

இங்கிருந்துதான் ‘சாஃப்ட்வேர் அடித்தால் சரியாகிவிடும்’ என்ற பேச்சு தொடங்குகிறது. சில சமயம் சரியாகும். அமெரிக்க சாம்சங்கில் மாடல் எண் ‘யு’ என்று முடிந்தால் அது சேவை நிறுவனங்களுக்கானது. ‘யு1’ என்றால் எந்த நிறுவனத்தோடும் கட்டப்படாதது. உடம்பு ஒன்றுதான் என்பதால், ‘யு’ கைபேசியில் ‘யு1’ மென்பொருளை ஏற்றுவது பெரும்பாலும் நடக்கும். சாம்சங்கின் கையொப்பம் உள்ள மென்பொருள் என்பதால் பூட்லோடரைத் திறக்கவும் வேண்டாம். அதே நம்பிக்கையில் இந்திய மாடலின் மென்பொருளை அதில் திணிக்க முயன்றால் பொருந்தாது. பழைய பதிப்புக்குத் திரும்பலாம் என்றால், பூட்லோடரின் பதிப்பு எண் ஏறிய பிறகு கீழே இறங்க விடாது.

தன்னார்வலர்கள் உருவாக்கிய மென்பொருளை ஏற்றினால் வோல்டிஇ வந்துவிடும் என்பது பரவலாக இருக்கும் தவறான நம்பிக்கை. நிலைமை பல நேரம் நேர்மாறானது. சாம்சங் போன்ற நிறுவனங்களின் வோல்டிஇ பகுதி அவர்களுக்கே சொந்தமான மூடிய நிரல். லீனியேஜ்ஓஎஸ் ஏற்றியதும் அது போய்விடுகிறது. இருந்த குரல் அழைப்பும் இல்லாமல் போன கதைகள் ஏராளம். அழைப்பே போகாத கைபேசியில் நம் அவசர எண்ணான 112-உம் நம்பத்தக்கதாக இராது.

வங்கிச் செயலிகள் அடுத்த இடி. பூட்லோடர் திறந்திருப்பதை கூகுளின் சோதனை கண்டுபிடித்துச் சொன்னதும் பல வங்கி, யுபிஐ செயலிகள் வேலைநிறுத்தம் செய்கின்றன. காய்கறிக் கடையிலேயே க்யூஆர் ஸ்கேன் செய்து பழகிவிட்ட ஊரில் இது சிறு தொல்லை இல்லை. சாம்சங்கில் இன்னொரு கெடுதலும் உண்டு: அதிகாரபூர்வமற்ற மென்பொருளை ஒருமுறை ஏற்றினாலே உள்ளே இருக்கும் ‘நாக்ஸ்’ மின்னணு உருகி எரிந்துவிடும். பழைய மென்பொருளைத் திரும்ப ஏற்றினாலும் அது மாறாது. செக்யூர் ஃபோல்டர் போன்ற வசதிகள் அந்தக் கைபேசிக்குத் திரும்பக் கிடைக்காது.

எல்லாவற்றிலும் மோசமானது ஐஎம்இஐ விவகாரம். கைபேசியின் அடையாள எண்ணும் ரேடியோவின் அளவமைவுகளும் ‘இஎஃப்எஸ்’ எனப்படும் சிறு பகுதியில் இருக்கும். மென்பொருளைக் கவனக்குறைவாக ஏற்றியதில் அது அழிந்தால் சிக்னலே வராது. அப்போது சில கடைகளில் கையில் கிடைத்த வேறொரு எண்ணை எழுதிக் கொடுக்கிறார்கள். 2023-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டப்படி இது மூன்றாண்டு வரை சிறையும் 50 லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கத்தக்க குற்றம். கைபேசியின் உரிமையாளருக்கு, தன் பையில் இருப்பது குற்றப் பொருள் என்பதே தெரியாமல் இருக்கும்.

செய்ய வேண்டியவை

முதல் பொறுப்பு அரசுக்கும், தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய்க்கும். கைபேசி விற்கும் பெட்டியின் மேல் மூன்று தகவல்கள் தெளிவாக அச்சாக வேண்டும்: எந்த ஆண்டு வரை பாதுகாப்புத் திருத்தம் கிடைக்கும், பூட்லோடரை உரிமையாளர் திறக்க முடியுமா, இந்தியாவின் எந்தெந்தச் சேவைகளில் வோல்டிஇ வேலை செய்யும். இந்த மூன்றும் நிறுவனத்துக்குத் தெரிந்த விவரங்கள்தான். வாங்குபவருக்கு மட்டுமே தெரிவதில்லை.

அடுத்து, ஆதரவு முடியும் நாளில் சாவியைக் கொடுப்பது சட்டக் கடமையாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 20 முதல் நடைமுறைக்கு வந்த விதிகள், ஒரு மாடலின் விற்பனை முடிந்த பிறகும் குறைந்தது ஐந்தாண்டுகள் மென்பொருள் அப்டேட் தர வேண்டும் என்கின்றன. நல்ல தொடக்கம். அந்த ஐந்தாண்டும் முடிந்த பிறகு என்ன என்பதற்கு அதில் விடை இல்லை. பழுதுநீக்கும் உரிமைக்காக 2022-இல் தனி இணையதளம் தொடங்கிய இந்திய அரசு, அந்த உரிமையில் திரையையும் பேட்டரியையும் போல மென்பொருளையும் சேர்க்கலாம். இனி அப்டேட் தரப்போவதில்லை என்று முடிவெடுத்த நிறுவனம், கைபேசியைப் பூட்டி வைத்திருப்பதால் யாருக்கும் பாதுகாப்பு கூடுவதில்லை.

சேவை நிறுவனங்கள் தங்கள் வோல்டிஇ, அவசர அழைப்பு அமைப்புகளைப் பொதுவில் வெளியிட வேண்டும். அப்படி வெளியிட்டால், எந்த நாட்டுக் கைபேசியிலும் முறையான திருத்தம் செய்ய வழி பிறக்கும். வங்கிகளும் தங்கள் சோதனையைச் சீர்படுத்த வேண்டும். உரிமையாளரின் சாவியால் முறையாகப் பூட்டப்பட்டு, நேற்றுவரையிலான பாதுகாப்புத் திருத்தம் உள்ள கைபேசியை அவை தள்ளுகின்றன. நான்கு ஆண்டுகளாக எந்தத் திருத்தமும் காணாத கைபேசியை ஏற்கின்றன. ஆபத்து எதில் அதிகம் என்று ரிசர்வ் வங்கி கேட்டாக வேண்டும்.

வாங்குபவர்கள் இன்றே செய்யக்கூடியவையும் உண்டு. வெளிநாட்டுக் கைபேசியைப் பணம் கொடுத்து வாங்கும் முன்பு, செட்டிங்ஸில் முழு மாடல் எண்ணைப் பார்க்க வேண்டும். பெயரை மட்டும் நம்பக் கூடாது. *#06# தட்டி ஐஎம்இஐ எண்ணை எடுத்து, ‘கேஒய்எம்’ என்பதன் ஆங்கில எழுத்துகளோடு சேர்த்து 14422-க்குக் குறுஞ்செய்தி அனுப்பினால் அந்த எண் செல்லுபடியாகுமா என்று தெரியும். சொந்த சிம்மைப் போட்டு, இணையம் வருவதைப் பார்ப்பதோடு நிற்காமல், ஒருவரை அழைத்துப் பேசிப் பார்த்துவிட்டே வாங்க வேண்டும்.

மென்பொருளை மாற்ற விரும்புபவர்கள், வீட்டில் இருக்கும் ஒரே கைபேசியில் கை வைக்க வேண்டாம். யுபிஐயும் ஓடிபியும் வேறொரு கைபேசியில் இருக்கட்டும். இஎஃப்எஸ் பகுதியை முதலில் நகலெடுத்துக் கணினியில் வைக்க வேண்டும். ரேடியோ, பூட்லோடர் பகுதிகளில் அதே மாடல் எண்ணுக்கு வெளியான கோப்பைத் தவிர வேறெதையும் ஏற்றக் கூடாது. கடையில் கொடுத்துச் செய்தால், கொடுக்கும் முன்பே ஐஎம்இஐ எண்ணைப் படம் எடுத்து வைத்துக்கொண்டு, திரும்ப வாங்கும்போது அங்கேயே நின்று *#06# தட்டி ஒப்பிட வேண்டும். என்ன மென்பொருள், எந்தப் பதிப்பு என்பதை ரசீதில் எழுதித் தரும் கடையையே தேர்ந்தெடுக்க வேண்டும்.